‘பிரயோசனமில்லாத உயிர்’: ஜேர்மனியில் ஐந்தாம் கட்டளை பட்ட பாடு

1939 ஒக்டோபரில் ஜேர்மனியின் மனநல வைத்தியசாலைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் உள்துறை அமைச்சிலிருந்து ஒரு படிவம் வந்தது. நோயாளியின் பெயர், பிறந்த திகதி, என்ன நோய், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார், யாராவது பார்க்க வருகிறார்களா, எந்த இனம், என்ன வேலை செய்வார் என்று கேள்விகள். பார்த்தால் சாதாரண கந்தோர்க் கடதாசி. யுத்தம் தொடங்கிவிட்டது, ஆட்களைக் கணக்கெடுக்கிறார்கள் போல எண்டுதான் கன இடங்களில் நினைத்தார்கள். தங்கட தோட்டத்திலும் சமையலறையிலும் நன்றாக வேலை செய்யும் நோயாளிகளை அரசு வேறு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்த சில பொறுப்பாளர்கள், ‘இவரால் பெரிதாக வேலை செய்ய முடியாது’ என்று எழுதி அனுப்பினார்கள். காப்பாற்ற நினைத்து எழுதிய அந்த வரியே அவர்களுக்கு எமனாகியது.

நிரப்பிய படிவங்கள் பேர்லினுக்குப் போயின. அங்கே மூன்று வைத்தியர்கள் ஒவ்வொரு படிவத்தையும் தனித்தனியாகப் பார்த்துக் குறியிட்டார்கள். சிவப்பில் சக அடையாளம் என்றால் சாவு. நீலத்தில் சய அடையாளம் என்றால் உயிர். நோயாளியை அவர்கள் நேரில் பார்க்கவில்லை. கடதாசியைத்தான் பார்த்தார்கள். அந்தக் கடதாசியில் எல்லாவற்றையும் விட முக்கியமாக இருந்த கேள்வி, இந்த ஆளால் ஏதும் பிரயோசனம் உண்டா என்பதே.

மனித உயிர் புனிதமானது எண்டு சொல்லாத கிறிஸ்தவப் பிரசங்க மேடை உலகத்தில் இல்லை. மறைக்கல்வி வகுப்புக்குப் போன எல்லாருக்கும் அந்த வசனம் தெரியும்; போகாத எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வசனம் ஒரு அரசின் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தபோது என்ன நடந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். எங்களில் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான கதையும் இல்லை.

கொடுக்கப்பட்ட பெறுமதி

முதலில், கிறிஸ்தவம் உயிரைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விவிலியத்தின் தொடக்கநூல், கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்கிறது. இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் கடவுளின் சாயல் என்று அழைக்கப்பட்டவர்கள் அரசர்கள்தான். அரசனுக்கு மட்டும் உரிய பட்டத்தைத் தொடக்கநூல் ஆண், பெண் என்று எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. அதே நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், ஒருவர் இரத்தத்தைச் சிந்துவது ஏன் குற்றம் என்பதற்கும் இந்தச் சாயல்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதற்குள் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. உயிரின் பெறுமதி உழைத்துச் சம்பாதித்தது அல்ல, கொடுக்கப்பட்டது. புத்தியாலோ பலத்தாலோ உழைப்பாலோ ஒருவர் அதைப் பெறவில்லை. அதனால் புத்தி கலங்கினாலும், பலம் போனாலும், வேலை செய்ய முடியாமல் படுத்தாலும் அது குறைவதில்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இயேசு இன்னும் ஒரு படி போய், பசித்தவரிலும் நோயாளியிலும் சிறையில் இருப்பவரிலும் தன்னையே வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

இது ஆரம்பத்திலிருந்தே நடைமுறையோடு மோதியது. உரோமைப் பேரரசில் பிறந்த குழந்தையை ஏற்பதா, வெளியே எறிவதா என்பது தகப்பனின் முடிவு. ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளும், வேண்டாத பெண்பிள்ளைகளும் தெருவில் விடப்பட்டார்கள். ‘திதாக்கே’ என்ற மிகப் பழைய கிறிஸ்தவப் போதனை நூல் சிசுக்கொலையை நேரடியாகத் தடுக்கிறது. பேரரசு கிறிஸ்தவ மயமான பிறகு, 374இல், சிசுக்கொலை சட்டப்படி குற்றமாகியது. அதே காலப்பகுதியில் செசரியா நகருக்கு வெளியே ஆயர் பசிலியார் நோயாளிகளுக்கும் தொழுநோயாளருக்கும் ஏழைகளுக்கும் பெரிய பராமரிப்பு இல்லம் ஒன்றைக் கட்டினார்.

இதை வைத்துக் கிறிஸ்தவம் எப்போதும் உயிரின் பக்கமே நின்றது எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. சிலுவை யுத்தம் நடத்தியவர்களும் அடிமை வியாபாரம் செய்தவர்களும் அதே விவிலியத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள். போதனை எவ்வளவு உயரமானதோ, அதைத் தங்களுக்கு வசதியான இடத்தில் நிறுத்திக்கொள்ளும் பழக்கமும் அவ்வளவு பழையது. 20ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

சொல் முதலில் வந்தது

நாசிகள் ஆட்சிக்கு வருவதற்கு 13 வருடங்களுக்கு முன்னரே, 1920இல், ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர்: கார்ல் பிண்டிங் என்ற சட்டப் பேராசிரியர், அல்பிரட் ஹொஹே என்ற மனநோய்ப் பேராசிரியர். வாழத் தகுதியற்ற உயிர்களை அழிப்பதற்குச் சட்டம் அனுமதி தரவேண்டும் என்பது அவர்களின் வாதம். முதலாம் உலக யுத்தத்தில் திடகாத்திரமான இளைஞர்கள் இலட்சக்கணக்கில் செத்திருக்க, இல்லங்களில் இருப்போருக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி நாட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர்கள் அதற்குப் படித்த மொழியைக் கொடுத்தார்கள்.

1933இல் நாசிகள் வந்ததும் அந்த மொழி பாடசாலைக் கணக்குப் புத்தகத்துக்குள் போனது. ஒரு மனநோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு செலவு என்றால், அந்தக் காசில் எத்தனை வீடு கட்டலாம் என்று பிள்ளைகள் கணக்குச் செய்தார்கள். 1933 ஜூலை 14ஆம் திகதி, பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று அரசு முடிவெடுத்தவர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 400,000 பேர் அதற்குப் பலியானார்கள்.

இந்த இடத்தில் திருச்சபைகள் என்ன செய்தன? பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1930 டிசம்பரில் வெளியிட்ட சுற்றுமடலில் கட்டாய மலடாக்கலை ஏற்கனவே நிராகரித்திருந்தார். கத்தோலிக்க ஆயர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள், ஆனால் எதிர்ப்பு அரசோடான உடன்படிக்கையைக் கெடுக்காத அளவில்தான் இருந்தது. புரட்டஸ்தாந்துச் சபைகளின் சமூகசேவை அமைப்பு 1931இல் ட்ரைசா என்ற ஊரில் கூடி, கொலையை ஏற்கமாட்டோம் என்றது. ஆனால் சில சந்தர்ப்பங்களில் மலடாக்கலை ஏற்கலாம் என்றது. பிறகு அவர்களின் சொந்த வைத்தியசாலைகளிலேயே அந்தச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. சிலருடைய உயிர் மற்றவர்களுடையதை விடக் கொஞ்சம் பெறுமதி குறைந்தது என்பதை ஒருமுறை ஒத்துக்கொண்டால், அடுத்த படியில் நின்று ‘இதற்கு மேல் போகாதே’ எண்டு சொல்லுறது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பிறகு எல்லாரும் கண்டார்கள்.

சாம்பல் நிற பஸ்கள்

1939 ஒக்டோபரில் ஹிட்லர் தன் சொந்தக் கடிதத்தாளில் ஒரு சிறு குறிப்பில் கையொப்பமிட்டார். குணப்படுத்த முடியாத நோயாளிகளுக்குக் ‘கருணைச் சாவு’ வழங்கும் அதிகாரத்தை வைத்தியர்களுக்குக் கொடுக்கும்படி, பிலிப் பூலரையும் தன் வைத்தியர் கார்ல் பிராண்டையும் அது பணித்தது. யுத்தம் தொடங்கிய செப்டெம்பர் 1ஆம் திகதி அதில் முன்திகதியாகப் போடப்பட்டது. சட்டம் ஒன்றும் நிறைவேறவில்லை. இந்தக் கடிதம் ஒன்றுதான். பேர்லினில் டியர்கார்டன் வீதி 4ஆம் இலக்க வீட்டிலிருந்து இயங்கியதால் பிற்காலத்தில் இதற்கு ‘டீ4’ என்று பெயர் வந்தது.

சிவப்புக் குறி விழுந்தவர்களை ஏற்றிப்போகச் சாம்பல் நிறம் பூசிய பஸ்கள் வந்தன. கிராஃபனெக், பிராண்டன்புர்க், ஹார்ட்ஹைம், சொன்னென்ஸ்டைன், பேர்ன்புர்க், ஹடமார் என்று ஆறு இடங்கள். அங்கே குளியலறை போல அமைத்த அறைகளில் காபன் மொனொக்சைட் வாயுவால் கொன்று உடல்களை எரித்தார்கள். குடும்பத்துக்குப் பொய்யான நோயின் பெயரோடு ஒரு இரங்கல் கடிதம் போனது. கேட்டால் அஸ்திக் கலசமும் வரும். குழந்தைகளுக்கு வேறு ஏற்பாடு. ஊனத்தோடு பிறக்கும் பிள்ளைகளை மருத்துவிச்சிகளும் வைத்தியர்களும் அறிவிக்க வேண்டும் என்று 1939 ஓகஸ்டிலேயே உத்தரவு போயிருந்தது. அந்தப் பிள்ளைகள் விசேட சிகிச்சைப் பிரிவு என்ற பெயரில் சேர்க்கப்பட்டு, மருந்தாலும் பட்டினியாலும் கொல்லப்பட்டார்கள். குறைந்தது 5,000 பிள்ளைகள்.

யுத்தம் முடிந்தபின் ஹார்ட்ஹைமில் ஒரு கணக்கேடு கிடைத்தது. 1941 ஓகஸ்ட் வரை 70,273 பேர் கொல்லப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. அதோடு நிற்கவில்லை. இவர்கள் உயிரோடு இருந்திருந்தால் அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு உருளைக்கிழங்கு, எவ்வளவு பாண், எவ்வளவு இறைச்சி சாப்பிட்டிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து, மிச்சம் பிடித்த காசு சுமார் 88 கோடி ரைக்ஸ்மார்க் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். உயிரைப் பிரயோசனத்தால் அளக்கத் தொடங்கினால் அந்தக் கணக்கு கடைசியில் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எங்களுக்குத் தெரியாது.

வாய் திறந்த முதல் ஆட்கள்

இரகசியம் கன நாள் நிற்கவில்லை. குடலுக்குள் அப்பெண்டிக்ஸ் அழற்சியால் செத்தார் என்று கடிதம் வந்த வீட்டில், அந்த ஆளின் அப்பெண்டிக்ஸை எப்போதோ வெட்டி எடுத்தாயிற்று என்பது தெரிந்திருந்தது. சில வீடுகளுக்கு ஒருவருக்கே இரண்டு கலசங்கள் வந்தன. ஹடமாரில் பஸ் வருவதும், கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியில் புகை எழும்புவதும் ஊருக்கே தெரியும். பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நக்கலடிக்கும்போது, உன்னையும் ஹடமாருக்கு அனுப்புவார்கள் என்று சொல்லும் அளவுக்குப் போயிருந்ததாக லிம்புர்க் ஆயர் ஹில்ஃப்ரிஹ் 1941 ஓகஸ்டில் நீதி அமைச்சருக்கே எழுதினார்.

முதலில் எழும்பியவர்கள் பெரிய மனிதர்கள் இல்லை. பிராண்டன்புர்க் நகரில் லோதார் கிரைசிக் என்ற நீதிபதி இருந்தார். நாசிகளுக்கு அடிபணியாத புரட்டஸ்தாந்துப் பிரிவான ‘அறிக்கையிடும் திருச்சபை’யைச் சேர்ந்தவர். மனநோயாளிகளின் சட்டப் பாதுகாவல் விடயங்களைக் கவனிப்பது அவருடைய வேலை. அவருடைய பொறுப்பில் இருந்தவர்களின் மரண அறிவித்தல்கள் திடீரெனக் கூடியதை அவர் கவனித்தார். 1940 ஜூலையில் நீதி அமைச்சருக்கு எழுதினார். பூலர் மீது கொலைக் குற்றச்சாட்டும் பதிவு செய்தார். தன் பொறுப்பில் உள்ள எவரையும் தன் அனுமதியின்றி இடம் மாற்றக் கூடாது என்று இல்லங்களுக்கு உத்தரவும் போட்டார். அமைச்சர் அவரைக் கூப்பிட்டு ஹிட்லரின் கடிதத்தைக் காட்டினார். தலைவரின் வார்த்தை ஒரு கொலையை நியாயமாக்காது என்பது அவருடைய நிலைப்பாடு. அதோடு அவருடைய நீதிபதி வேலை முடிந்தது. கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். ஜேர்மனி முழுவதிலும் இதை இப்படி நேருக்கு நேர் எதிர்த்த நீதிபதி அவர் ஒருவர்தான்.

அதே மாதம் பவுல் பிராவுனே என்ற போதகர், இல்லங்களிலிருந்து சேகரித்த விபரங்களை ஒழுங்குபடுத்தி நீண்ட அறிக்கை ஒன்றை அரசிடம் கொடுத்தார். அடுத்த மாதம் கெஸ்டாப்போ அவரைக் கைது செய்தது. வூர்ட்டெம்பேர்க் ஆயர் தியோஃபில் வூர்ம் உள்துறை அமைச்சருக்கு எழுதினார். 1941 பெப்ரவரியில் அப்ஸ்பேர்க் என்ற சின்னக் கத்தோலிக்க ஊரில், இல்லத்து நோயாளிகளை பஸ்ஸில் ஏற்றியபோது ஊர்ச்சனம் கூடி நின்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தது. அந்தக் கூட்டத்தில் நாசிக் கட்சிக்காரரும் நின்றார்கள்.

ஆனால் இவை பெரும்பாலும் கடிதங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சுகள். கொலை தொடர்ந்தது.

மியுன்ஸ்டர், 1941 ஓகஸ்ட் 3

கிளெமன்ஸ் ஓகஸ்ட் வொன் காலன் புரட்சியாளர் இல்லை. பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், ஆறரை அடிக்கு மேல் உயரம், அரசியலில் பழமைவாதி, தேசப்பற்றாளர். 1933இல் மியுன்ஸ்டர் ஆயரானபோது புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணமும் எடுத்தவர். சோவியத்துக்கு எதிரான யுத்தத்தில் அவருக்கு மறுப்பு இருக்கவில்லை. நோயாளிகள் கொல்லப்படும் செய்தி 1940 ஜூலையிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் ஆயர் பேரவைத் தலைவர் கர்தினால் பெர்ட்ராமுக்கு எழுதினார். அவசரப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. காலனும் ஒரு வருடம் பொறுத்தார். அந்த ஒரு வருடத்தில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவரைப் புகழும் கனபேர் இந்த ஒரு வருடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாங்கள் அப்படிப் போக விரும்பவில்லை.

1941 ஜூலையில் கெஸ்டாப்போ அவருடைய மறைமாவட்டத்தில் துறவற மடங்களைப் பறிக்கத் தொடங்கியது. ஜூலை 13, 20 ஆகிய இரண்டு ஞாயிறும் அவர் அதை எதிர்த்துப் பேசினார். ஓகஸ்ட் 3ஆம் திகதி புனித லம்பேர்ட் ஆலயத்தில் மூன்றாவது மறையுரை. அன்றைய நற்செய்தி, எருசலேமைப் பார்த்து இயேசு அழுத பகுதி.

அதில் அவர் செய்தது எளிமையான ஒரு காரியம். நடப்பதை அதன் பெயரால் சொன்னார். கொலை என்றார். குற்றவியல் சட்டத்தின் 211ஆம் பிரிவை எடுத்துக் காட்டி, அதன்படி தான் அரச சட்டத்தரணியிடமும் பொலிஸிடமும் முறைப்பாடு செய்ததையும், பதில் வராததையும் சனத்துக்கு முன்னால் சொன்னார். மியுன்ஸ்டருக்குப் பக்கத்தில் மரியென்டால் இல்லத்திலிருந்து ஆட்கள் ஏற்றப்படுவதைச் சொன்னார். அங்கே இருந்த ஐம்பது வயது தாண்டிய ஒரு கமக்காரரைப் பற்றிச் சொன்னார். அவருடைய மகன் யுத்தமுனையில் நாட்டுக்காகச் சண்டை பிடிக்கும் சிப்பாய். லீவில் வந்து தகப்பனைப் பார்த்துவிட்டுப் போகிறான். அந்தத் தகப்பனைத்தான் அரசு கொல்லப்போகிறது.

பிறகு கேள்வியை எல்லாருடைய வீட்டு வாசலுக்கும் கொண்டு வந்தார். பழைய இயந்திரம் ஓடாவிட்டால் உடைத்துப் போடுகிறோம். குதிரை நொண்டியானால் சுடுகிறோம். ஆனால் இவர்கள் இயந்திரமும் இல்லை, குதிரையும் இல்லை, எங்கள் சகோதரர்கள். உழைக்கும் வரைக்கும்தான் ஒருவருக்கு வாழ உரிமை என்றால், நாங்கள் கிழடாகும்போது எங்கள் கதி என்ன? உழைத்துத் தேய்ந்து உடல் முறிந்தவர்களின் கதி என்ன? யுத்தத்தில் கால் போய், கண் போய் வீடு திரும்பும் சிப்பாய்களின் கதி என்ன? கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளையை மனித மனங்களில் கடவுள் எழுதியது எந்தச் சட்டப்புத்தகத்துக்கும் முந்தியது என்பது அவருடைய வாதத்தின் அடித்தளம்.

மறையுரை கைக்குக் கை போனது. தட்டச்சுச் செய்தார்கள், கையால் எழுதிப் பிரதி எடுத்தார்கள், தபால் பெட்டிகளுக்குள் போட்டார்கள். பிரித்தானிய விமானங்கள் அதைத் துண்டுப்பிரசுரமாகப் போட்டன. ஒரு பிரதி ஹான்ஸ் ஷோலின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் மியூனிக் பல்கலைக்கழக மாணவர்களாக அவரும் நண்பர்களும் ‘வெள்ளை ரோஜா’ துண்டுப்பிரசுரங்களை எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் எங்கட வயசு ஆட்கள்.

காலனைத் தூக்கில் போடவேண்டும் என்று பிரசார அமைச்சுக்குள் யோசனை சொன்னார்கள். அப்படிச் செய்தால் யுத்தம் முடியும் வரை மியுன்ஸ்டரையும் முழு வெஸ்ட்பாலியாவையும் மறந்துவிட வேண்டியதுதான் என்பது கொயபல்ஸின் கணிப்பு. கணக்கை யுத்தத்துக்குப் பிறகு தீர்க்கலாம் என்று ஹிட்லர் விட்டார். ஆயரைத் தொடாதவர்கள் சின்ன ஆட்களைத் தொட்டார்கள். லூபெக் நகரில் இந்த மறையுரையைப் பகிர்ந்தவர்களில் ஹெர்மன் லாங்க, எடுவார்ட் முல்லர், யொஹான்னஸ் பிராசெக் என்ற மூன்று இளம் கத்தோலிக்கக் குருக்களும், கார்ல் பிரெட்ரிஹ் ஸ்டெல்பிரிங்க் என்ற லூத்தரன் போதகரும் இருந்தார்கள். நால்வரும் 1943 நவம்பர் 10ஆம் திகதி ஹம்பேர்க் சிறையில் சில நிமிட இடைவெளிகளில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

நின்றதும் நிற்காததும்

மறையுரைக்கு மூன்று கிழமை கழித்து, 1941 ஓகஸ்ட் 24ஆம் திகதி, வாயு அறைக் கொலைகளை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட்டார். ஒரு ஆயரின் பேச்சு ஹிட்லரை நிறுத்தியது என்று இதைக் கதையாகச் சொல்வது லேசு. உண்மை கொஞ்சம் சிக்கலானது. முதலில் குறித்த இலக்கு ஏறத்தாழ 70,000. அது நிறைவேறிவிட்டது என்று காட்டும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். சனத்தின் கொந்தளிப்பு முக்கிய காரணம் என்பதை மறுப்போர் குறைவு. அதைவிட முக்கியம், கொலை நிற்கவில்லை. மறைவாக, இல்லங்களுக்கு உள்ளேயே, மருந்தாலும் பட்டினியாலும் தொடர்ந்தது. ஹடமாரில் 1942 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கியது. யுத்தம் முடியும்போது ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் மட்டும் சுமார் 200,000 பேர் இப்படிச் செத்திருந்தார்கள். கௌஃப்பொய்ரன் வைத்தியசாலையில் கடைசியாகக் கொல்லப்பட்ட நாலு வயதுப் பிள்ளை செத்தது 1945 மே 29ஆம் திகதி. ஜேர்மனி சரணடைந்து மூன்று கிழமை. ஊரில் அமெரிக்கப் படை நின்றது.

வாயு அறைகளில் வேலை செய்து பழகியவர்களுக்கும் வேறு வேலை கிடைத்தது. பிராண்டன்புர்க்கிலும் பேர்ன்புர்க்கிலும் பொறுப்பாக இருந்த வைத்தியர் இர்ம்பிரீட் எபெர்ல் திரெப்ளிங்கா மரண முகாமின் முதல் கட்டளையாளர் ஆனார். ஹார்ட்ஹைமில் இருந்த பிரான்ஸ் ஸ்டாங்கல் முதலில் சொபிபோருக்கும், பிறகு எபெர்லின் இடத்துக்குத் திரெப்ளிங்காவுக்கும் போனார். நோயாளிகளில் படித்த தொழிலை யூதர்களில் செய்தார்கள்.

இங்கேதான் எங்களைக் கன நாள் யோசிக்க வைத்த கேள்வி வருகிறது. 1941 டிசம்பர் 13ஆம் திகதி, அந்த மறையுரை முடிந்து நாலரை மாதத்துக்குள், மியுன்ஸ்டரின் யூதர்களை ரயிலில் ஏற்றி ரீகாவுக்கு அனுப்பினார்கள். அதே நகரம். அதே ஆயர். அவர்களுக்காக அவர் அந்த மேடையில் ஏறவில்லை. நோயாளிகள் விடயத்திலும் இந்த ஓட்டை இருந்தது. பேத்தல் என்ற பெயர்பெற்ற புரட்டஸ்தாந்து இல்லத்தின் தலைவர் பிரெட்ரிஹ் வொன் போடல்ஷ்விங் படிவங்களை நிரப்ப மறுத்து, தன் நோயாளிகள் பெரும்பாலானோரைக் காப்பாற்றினார். ஆனால் 1940 செப்டெம்பரில் அங்கே இருந்த யூத நோயாளிகளை அரசு கேட்டபோது அவர்கள் போனார்கள், பிராண்டன்புர்க்கில் கொல்லப்பட்டார்கள்.

ஐந்தாம் கட்டளை ஒன்றுதான். ஆனால் அதைச் சொன்னவர்களுக்கு, தங்கட வீட்டுக் கிழவரையும் தங்கட சிப்பாயையும் நினைத்துச் சொல்வது லேசாக இருந்தது. பக்கத்து வீட்டு யூதரை நினைத்துச் சொல்வது லேசாக இருக்கவில்லை.

முடியாமல் இருந்ததா? இல்லை. பேர்லினில் புனித ஹெட்விக் பேராலயத்தின் குருமுதல்வர் பேர்ன்ஹார்ட் லிஹ்டென்பேர்க், 1938 நவம்பரில் யூதக் கோயில்கள் எரிந்த பிறகு, ஒவ்வொரு நாளும் பொழுதுபட யூதர்களுக்காக வெளிப்படையாகச் செபித்தார். காலனின் மறையுரையைப் படித்ததும் 1941 ஓகஸ்ட் 28ஆம் திகதி நாட்டின் தலைமை வைத்திய அதிகாரிக்குக் கடிதம் எழுதி நோயாளிக் கொலைகளுக்குப் பதில் கேட்டார். அவருக்கு இரண்டும் ஒரே விடயம். அந்த வருடம் ஒக்டோபரில் கைது செய்தார்கள். இரண்டு வருடச் சிறை முடிந்ததும் டாஹாவுக்கு அனுப்பினார்கள்; 1943 நவம்பர் 5ஆம் திகதி போகும் வழியிலேயே செத்தார்.

அதே 1943 ஒக்டோபரில், பிரெஸ்லாவ் நகரில் கூடிய அறிக்கையிடும் திருச்சபையின் பேரவை, ஐந்தாம் கட்டளைக்கு ஒரு விளக்கம் எழுதியது. ஒழித்தல், இல்லாதொழித்தல், பெறுமதியற்ற உயிர் போன்ற சொற்களுக்குக் கடவுளின் ஒழுங்கில் இடமில்லை என்றது. கிழவர், மனநோயாளர் என்பதற்காகவும், வேறு இனத்தவர் என்பதற்காகவும் ஆட்களைக் கொல்லும் அதிகாரம் அரசுக்குக் கொடுக்கப்படவில்லை என்று ஒரே வசனத்துக்குள் எழுதியது. 1941இல் பிரிந்து கிடந்த கட்டளை அந்த வசனத்துக்குள்தான் ஒன்று சேர்ந்தது. அப்போது காலம் பிந்திவிட்டது.

நாங்கள் எடுத்துக்கொள்வது

காலன் 1946 பெப்ரவரியில் கர்தினாலானார், மார்ச்சில் இறந்தார். 2005இல் அருளாளர் பட்டம் கிடைத்தது. அவரைக் கும்பிடுவதும் தூற்றுவதும் எங்கட வேலை இல்லை. அவர் பேசியதால் உயிர்கள் தப்பின என்பதும் உண்மை. அவர் பேசாத இடம் ஒன்று இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உயிர் புனிதம் என்ற வசனத்தின் முழுப் பாரம் விளங்கும். அந்த வசனத்துக்கு விதிவிலக்கு வைத்தால், விதிவிலக்காகப் போனவரோடு அது முடிவதில்லை. எங்களுக்குக் கொடுத்த பாதுகாப்பும் அதே கையோடு தளர்ந்துவிடுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தப் பாடத்தை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. குற்றவாளியின் மாண்பும் அழிவதில்லை என்ற காரணத்தைச் சொல்லி, மரணதண்டனையை ஏற்கவே முடியாது என்று பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியது 2018இல்தான். எங்கட நாட்டில் கடைசியாகத் தூக்குப் போட்டது 1976இல். ஆனாலும் 2019 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரணதண்டனைக்குக் கையொப்பமிட்டுவிட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்த நேரம் கைதட்டியவர்கள் கனபேர். தூக்கில் தொங்கப்போகிற ஆள் யாருக்கும் வேண்டாத ஆள் என்பதால் கைதட்டுவது லேசாக இருந்தது.

ஒன்றுக்கும் உதவாதவன், இருந்தும் பிரயோசனமில்லை, பூமிக்குப் பாரம். இவை எங்கட வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள். படுக்கையில் இருக்கும் அம்மம்மாவைப் பற்றியும், படிப்பு ஏறாத தம்பியைப் பற்றியும், குடித்துவிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடப்பவரைப் பற்றியும் சொல்கிறோம். சொல்லுகிற எவரும் கொலைகாரர் இல்லை. 1920இல் அந்தச் சிறு நூலை வாங்கிப் படித்த ஆட்களும் கொலைகாரர்கள் இல்லை. ஒரு சமூகம் எந்த அளவுகோலால் ஆட்களை அளந்து பழகுகிறதோ, அதே அளவுகோலை ஒரு நாள் அரசும் கையில் எடுக்கும். அதனால், அடுத்தமுறை வீட்டிலோ விடுதியிலோ யாராவது ஒருவரைப் ‘பிரயோசனமில்லாத ஆள்’ எண்டு சொல்லும்போது, ஆருக்குப் பிரயோசனம், ஆர் அளந்தது எண்டு திருப்பிக் கேட்டுப் பாருங்கோ. நாங்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.